நொய்யரிசி ஆறு

எனக்கு நீச்சல் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் இந்தக் கட்டுரையில் பாதிக்கு மேல் தண்ணீரில்தான் நடக்கிறது.

ரங்கூனில் பிறந்து ஐம்பத்திரண்டு வருஷமாக ஆற்றைப் பார்த்துக்கொண்டே வாழ்கிறேன். பார்ப்பதோடு சரி. அக்கரை டலாவுக்குப் போகும் படகில் ஏறினால் நடுவில் இருக்கும் இரும்புத் தூணைக் கட்டிக்கொண்டு நிற்பேன். கியாக்தானில் ஆற்றுக்கு நடுவே உள்ள பகோடாவுக்கு என் மனைவி செல்வி வருஷம் ஒருமுறை என்னை இழுத்துப் போவாள். ஐந்து நிமிஷப் படகு. அங்கே எல்லோரும் பெரிய பெரிய கெளுத்தி மீன்களுக்குப் பொரி போட்டுப் புண்ணியம் தேடுவார்கள். நானும் போடுவேன். புண்ணியத்துக்கு அல்ல, திரும்பும் வழியில் அவற்றுக்குப் பசி இருக்கக்கூடாது என்பதற்காக.

இப்படிப்பட்டவன் மேற்கு ஆப்பிரிக்காவில், செனகல் ஆற்றில், மரப்படகில் இரண்டு நாள் போனேன். காரணம் ஒரே ஒரு சொல்: ஸன்க்வே.

பர்மியில் ஸன் என்றால் அரிசி, க்வே என்றால் உடைந்தது. நம் நொய். ரங்கூன் ஓரம் ஷ்வேப்யிதாவில் நெல் அரைக்கும் எந்திரம் செய்கிற ஒரு பட்டறையில் முப்பது வருஷமாக ஃபிட்டராக இருக்கிறேன். அங்கே இது கெட்ட வார்த்தை. எந்திரத்தைச் சோதித்து ஓட்டும்போது முதலாளி ஊ தௌங் ஒரு கைப்பிடி அரிசியை உள்ளங்கையில் பரப்பிப் பார்ப்பார். நாலு மணி உடைந்திருந்தால் போதும், மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்பார்: "யார் உடைச்சது இதை?" அந்த நேரத்தில் நாங்கள் ஏழு பேரும் எந்திரத்துக்குப் பின்னால் குனிந்து, தொலையாத நட்டு ஒன்றைத் தேடிக்கொண்டிருப்போம்.

எங்கள் சின்ன எந்திரம் ஒன்று செனகலுக்குப் போயிருந்தது. வாங்கியவர் பெயர் சாம்பா. தாய்லாந்து எல்லையில், மே சோத் கல் சந்தையில், பல வருஷம் பர்மியக் கெம்பு வாங்கி விற்றவர். அதனால் பர்மி பேசுவார். ஆனால் சந்தைப் பர்மி, பேரம் பேசுகிற பர்மி. கல் வியாபாரம் அலுத்து ஊருக்குத் திரும்பியவர், தன் அக்கா தலைவியாக இருக்கும் பெண்கள் சங்கத்துக்கு எங்கள் எந்திரத்தை எடுத்துக் கொடுத்திருந்தார்.

ஒருநாள் பட்டறைக்கு அவரிடமிருந்து போன். லைனில் காற்று இரைந்தது. "ஸன்க்வே!" என்று ஒரு கத்தல். கொஞ்சம் இரைச்சல். "அக்காவை எல்லாரும் திட்டுறாங்க!" மறுபடி இரைச்சல். "ஸன்க்வே! ஸன்க்வே!" அத்தோடு அறுந்துவிட்டது.

முதலாளி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். நான் நட்டைத் தேடிக் குனிவதற்குள் என் பெயரைச் சொல்லிவிட்டார்.

"ஒட்டகம் திரியற ஊருங்க அது. அங்க எதுக்குத் தண்ணி பயம் உங்களுக்கு?" என்று கேட்டாள் செல்வி. நியாயமாகத்தான் பட்டது. பெட்டியில் ஒரு ஜோடி புது ரப்பர் உருளையை வைத்தேன். எந்திரத்தில் நெல்லின் உமியை உரிப்பது இந்த உருளைகள்தான். அவை தேய்ந்தால் அரிசி உடையும். சமாதானத்துக்கு இருக்கட்டும் என்று ஒரு பை பௌஸான் அரிசியும் வைத்தேன். பர்மாவிலேயே உயர்ந்த அரிசி அது. சமைத்தால் தெருவுக்கே மணக்கும். ஒரு மணிகூட உடையாமல் செல்வி தன் கையால் பொறுக்கிக் கொடுத்தாள்.

செனகலில் முதல் நாள் காலை எட்டு மணிக்கே வெயில் தோளில் கை போட்டது. எங்கள் ஊர் வெயில் வியர்க்க வைக்கும். இந்த வெயில் வியர்வையையும் குடித்துவிடும். வடக்கே பாலைவனத்திலிருந்து வந்த காற்று வானத்தை மைதா மாவு தூவியது போல வெளுப்பாக்கியிருந்தது. ஆறு மாதமாக ஒரு துளி மழை இல்லையாம். அந்த வறட்சிக்கு நடுவே, தனக்கும் ஊருக்கும் சம்பந்தமே இல்லாதது போல ஆறு போய்க்கொண்டிருந்தது. அகலமாக, பச்சையாக, சத்தமே இல்லாமல்.

படித்துறையில் நெட்டையாக ஒருவர் கையை விரித்துக்கொண்டு வந்தார். "கோ முத்து! வந்துட்டியா! நல்ல கல்லு, சூடு காட்டாத கல்லு!"

சாம்பாதான். அவருக்கு உலகமே கல்தான் என்பது போகப்போகத் தெரிந்தது. நிறம் ஏற்ற நெருப்பில் சூடு காட்டாத கெம்புக்கு மதிப்பு அதிகம். எனவே பிடித்தவர்கள் எல்லாம் சூடு காட்டாத கல். பிடிக்காதவர்கள் கண்ணாடி.

"பஸ் கிடையாதா?" என்று கேட்டேன்.

"இருக்கே. அரை நாள்ல போயிடலாம்."

"அப்ப படகு எதுக்கு?"

"எனக்குப் பொண்ணு பொறந்து அஞ்சு நாள் ஆச்சு. ஏழாம் நாள் காலையில பேர் வைக்கணும். ஆத்தோரம் முழுக்க நம்ம ஆளுங்க. ஒவ்வொரு ஊரா நேர்ல போய்ச் சொல்லணும். போன்ல கூப்பிட்டா மரியாதையா?"

இது ஒரு தமிழனுக்குப் புரியாதா? நேரில் வந்து அழைக்காத கல்யாணத்துக்கு மொய்கூட அனுப்பாத வம்சம் நாம். படகில் ஏறினேன். ஏறினேன் என்பது எழுத்து நடை. இரண்டு பேர் தூக்கி வைத்தார்கள்.

படகு நீளமாக, குறுகலாக, ஒரு பக்கம் தும்மினால் மறுபக்கம் சாயும் தோதில் இருந்தது. டீசல் டிரம், வெங்காய மூட்டை, அரிசி மூட்டை, இரண்டு ஆடு, இருபது பேர். தூண் என்று ஒன்று இல்லை. வெங்காய மூட்டையைக் கட்டிக்கொண்டேன். டீசல் டிரம்முக்கு ஒரு முழம் தள்ளி ஒரு பெண் கரி அடுப்பைப் பற்றவைத்து டீ போட ஆரம்பித்தாள். நான் ஆடுகளைப் பார்த்தேன். அவை நிம்மதியாக இருந்தன. ஆடு நிம்மதியாக இருப்பதெல்லாம் ஒரு ஆறுதலா என்று நினைத்துக்கொண்டே மூட்டையை இன்னும் இறுக்கினேன்.

டீ மூன்று தடவை வந்தது. முதல் தடவை கஷாயம், இரண்டாம் தடவை சுமார், மூன்றாம் தடவை சர்க்கரைப் பாகு. மூன்றாவது டம்ளர் முடிவதற்குள் கரைகள் மெல்ல மிதக்கத் தொடங்கின. கோரைப் புல்லுக்கு மேலே வெள்ளைக் கொக்குகள், முள்மரத்தடியில் மாடுகள், மண்ணால் கட்டிய ஒரு மசூதி, துவைத்த துணி காயும் ஒரு மேடு, மறுபடியும் கோரை. எல்லாம் வந்து, நின்று, நம்மைப் பார்த்துவிட்டுப் போவது போல இருந்தது. ரங்கூனில் எங்கள் இன்சீன் பக்கம் சுற்று ரயிலில் மத்தியானம் தூங்கி விழுந்து எழுந்தால், எந்த ஸ்டேஷன், எந்தப் பக்கம் போகிறோம் என்று ஒரு கணம் தெரியாமல் இருக்குமே, அந்த ஒரு கணத்தை இழுத்து இரண்டு நாளாக்கினால் அதுதான் இந்த ஆறு.

கனவு கலைந்தது சாம்பா பேச்செடுத்தபோது.

"கோ முத்து, அந்த ஸன்க்வே விஷயம்..."

"நான் பாத்துக்கறேன்," என்றேன் அவசரமாக.

"எப்படின்னா, எங்க ஊர்ல..."

"ஸயா, ஒண்ணும் சொல்லாதீங்க. தப்பு என்னுதுதான். போனதும் சரி பண்ணிடறேன்."

அவர் என் தோளைத் தட்டிவிட்டு மீதியைச் சொன்னார். எந்திரமே வேண்டாம், ஆற்றுக்கு மேலே உள்ள பழைய மில்லே போதும் என்று சங்கத்தில் பாதிப் பேர் சொன்னார்களாம். அக்கா கும்பாதான், "என்னை நம்பி ஒரு அறுவடைக்குப் பாருங்க" என்று வாதாடியிருக்கிறாள். இப்போது அதே பாதிப் பேர் சிரிக்கிறார்கள். பெயர் வைக்கிற அன்று சங்கத்துக்கே விருந்து. எங்கள் எந்திரத்தில் அரைத்த அரிசியில் மீன் சோறு. சாப்பிட்டுவிட்டு முடிவு சொல்வார்கள். பிடிக்கவில்லை என்றால் எந்திரம் திரும்பிப் போகும், அக்காவின் தலைமையும் போகும்.

"எங்க பழக்கத்துல ரெண்டாவது பையன் சாம்பா, ரெண்டாவது பொண்ணு கும்பா. இது எனக்கு ரெண்டாவது பொண்ணு. அக்கா பேர்தான். காலையில அந்தப் பேரை வெச்சிட்டு, மத்தியானம் அதே பேரைச் சொல்லி ஊர் சிரிச்சா நல்லாவா இருக்கும்?"

சம்பா அரிசியும் அதைப் போட்டுச் சாப்பிடும் கும்பாவும் அக்கா தம்பியாகப் பிறந்திருக்கிறார்கள் என்று அவரிடம் சொல்லிச் சிரிக்க வேண்டும் என்று இருந்தது. சிரிப்பு வரவில்லை. வெங்காய மூட்டைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். கண்ணில் தண்ணீர் வந்ததற்கு வெங்காயம்தான் காரணம்.

அடுத்த சங்கடம் பெயரில் வந்தது. "இங்க குடும்பப் பேர் இல்லாம யாரும் உன்னை மனுஷனாவே எடுத்துக்க மாட்டாங்க," என்று சொல்லி சாம்பா தன் குடும்பப் பெயரை எனக்கும் சூட்டிவிட்டார். நான் முத்து ஜோப் ஆனேன். ரங்கூனில் இளவட்டத்துக்குரிய கோ முத்துவாக இருந்து தலை நரைத்து, பெரியவருக்குரிய ஊ முத்துவாக ஆவதற்கு நாற்பது வருஷம் பிடித்தது. இங்கே அரை நிமிஷம்.

படகோட்டி ஒமார் மலை போன்ற ஆள். அவர் குடும்பப் பெயர் என் காதில் 'இன்ஜாய்' என்றுதான் விழுந்தது. நான் ஜோப் என்று தெரிந்ததும் அவர் எழுந்து நின்றார். படகு ஆடியது. என்னை நோக்கி விரலை நீட்டி ஏதோ கர்ஜித்தார். இருபது பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்ன சொல்றாரு?"

"அரிசி மூட்டையை உன்கிட்டயிருந்து தள்ளி வைக்கணுமாம். நீ அரிசிக்கு எமனாம்."

வெங்காய மூட்டைக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன். விஷயம் அதற்குள் படகு வரை வந்துவிட்டதா?

அன்று நாங்கள் தொட்ட ஒவ்வொரு கிராமத்திலும் இதே கதை. சாம்பா கரையில் இறங்கி அழைப்புச் சொல்வார். கூடவே என்னைக் காட்டி ஜோப் என்பார். கூட்டத்தில் ஒரு இன்ஜாய் இல்லாமல் இருக்காது. "ஜோப்பா? அரிசியை ஒளிச்சு வைங்க!" "ஜோப் கை பட்ட அரிசி உருப்படுமா?" துணி அலசிக்கொண்டிருந்த ஒரு பெண் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "இவன் வந்த படகு முழுகாம வந்ததே பெரிசு!" என்றாள். சாம்பா ஒன்றுவிடாமல் மொழிபெயர்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். ஐயோ, எவ்வளவு நல்ல மனிதர், அவமானத்தைச் சிரித்து மறைக்கிறாரே என்று நான் உருகிப்போனேன்.

இரண்டாம் நாள் மத்தியானம் ஆற்றுக்குக் காய்ச்சல் வந்தது போல எங்கும் கானல். அதில் தூரத்துக் கழுதைகள் தரைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் நடந்தன. நானும் பாதித் தூக்கத்தில், செல்வியோடு கியாக்தான் படகில் இருந்தேன். கெளுத்திகள் தலையை நீட்டி, பர்மியில், மிகவும் மரியாதையாக, "யார் உடைச்சது இதை?" என்று கேட்டன. அப்போது கீழே ஏதோ உரசியது. படகு நின்றுவிட்டது.

வடகரைச் சேற்றில் செருகிக்கொண்டோம். வடகரை என்றால் வேறு நாடு, மொரித்தானியா. எல்லோரும் இறங்கினால்தான் படகு மிதக்கும் என்றார் ஒமார். ஆடுகள்கூட இறங்கின.

"நான் இறங்க மாட்டேன். எனக்கு இந்த நாட்டுக்கு விசா இல்லை."

"யாரு கேக்கப்போறா?" என்றார் சாம்பா.

கரையில் ஒரு ஒட்டகம் நின்று, குடியேற்ற அதிகாரிகளுக்கே உரிய அரைக்கண் பார்வையோடு என்னைப் பார்த்து எதையோ மென்றுகொண்டிருந்தது. பர்மியப் பாஸ்போர்ட்டோடு ஊர் சுற்றியவனுக்குத்தான் அந்தப் பார்வையின் அருமை தெரியும். ஒரு காலை மட்டும் சேற்றில் வைத்து, மறு காலைப் படகிலேயே விட்டேன். சட்டப்படி நான் பாதிதான் நுழைந்திருக்கிறேன்.

ஒமார் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு கத்தினார். சாம்பா மொழிபெயர்த்தார்: "ஏ ஜோப்! ஊர் அரிசியை எல்லாம் நாசம் பண்ணது போதாதா, இப்ப படகையும் நிறுத்திட்டியா?"

அவ்வளவுதான். உடைந்துவிட்டேன். அந்த ஒற்றைக்கால் நிலையிலேயே ஒமாரைப் பார்த்துக் கைகூப்பினேன். "ஐயா, தப்புதான். உங்க அரிசியை எல்லாம் உடைச்சது நான்தான். நான் செட் பண்ணின எந்திரம்தான். புது உருளை கொண்டுவந்திருக்கேன். இனிமே ஒரு மணி உடையாது. அந்த அம்மாவை மட்டும் திட்டாதீங்க."

பாதி தமிழ், பாதி பர்மி. ஒமாருக்கு ஒன்றும் புரியவில்லை. சாம்பாவின் சிரிப்பு மட்டும் நின்றது.

"உடைச்சியா? எங்க உடைஞ்சுது?"

"நீங்கதானே போன்ல... ஸன்க்வே, ஸன்க்வேன்னு..."

"ஸன்க்வே இல்லை, இல்லைன்னு கத்தினேன்யா! ஒண்ணுகூட உடையலை! அதான் பிரச்சினையே!"

ஒட்டகம் மெல்லுவதை நிறுத்தியது. அல்லது எனக்கு அப்படித் தோன்றியது.

சேற்றில் நின்றுகொண்டே விளக்கினார். அங்கே மீன் சோற்றுக்கு நொய்தான் அரிசி. மீன் வெந்த சாற்றை நொய் கடைசிச் சொட்டு வரை குடித்துவிடும். "முழு அரிசி பெரிய மனுஷன் மாதிரி. குழம்பு பக்கத்திலயே நிப்பான், ஒட்ட மாட்டான். உன் எந்திரம் எல்லாரையும் பெரிய மனுஷனாக்கி அனுப்புது. எங்க பொம்பளைங்க அதைத் திரும்ப உரல்ல போட்டு இடிச்சுக்கிட்டு இருக்காங்க. எந்திரம் வந்தும் இடிக்கிறதான்னு அக்காவைக் கேக்கறாங்க."

"அப்ப இந்த ஆத்தோரம் முழுக்க என்னைத் திட்டினது?"

"அது வேற! ஜோப்புன்னா இன்ஜாய் கேலி பண்ணியே ஆகணும், இன்ஜாய்னா ஜோப். சோத்துமூட்டை, அரிசித் திருடன், எது வேணா சொல்லலாம். கோபப்படக் கூடாது. அதுதான் முறை."

"மாமன் மச்சான்!" என்று கத்திவிட்டேன். என்னைப் பெண் பார்க்கக் கூட்டிப்போன அன்றைக்கே செல்வியின் அண்ணன், "நீச்சல் தெரியாதவனுக்கா குடுக்கறீங்க, கிணத்துல தள்ளிவிடக்கூட லாயக்கில்லையே," என்று கேட்டவன். கேலி முறை தெரியாதவனா நான்? இரண்டு நாள் முழுக்க மச்சான்மார் கூட்டத்துக்கு நடுவே குற்றவாளி போல உட்கார்ந்து வந்திருக்கிறேன்.

இரண்டு காலையும் மொரித்தானியாவில் வைத்தேன். படகு மிதந்தது. ஒமார், "பாத்தீங்களா, கனம் எதுல இருந்துச்சுன்னு!" என்றார்.

அதற்குப் பிறகு பயம் வேறு வேஷம் போட்டது. பெட்டியில் இருப்பது அரிசியை இன்னும் உடையாமல் காக்கும் உருளை. பரிசாகக் கொண்டுவந்தது உடையாத அரிசி. பேச்சைக் கேட்காமல் நானே வாயை அடைத்து வைத்த மனிதர் எதிரே. சேற்றில் போன நேரத்தால் அன்று மாலை போய்ச் சேர வேண்டிய ஊர் மறுநாள் விடிந்த பிறகுதான் வந்தது.

கும்பா கரையில் நின்றிருந்தாள். மஞ்சள் தலைத்துணி, வெயிலுக்குச் சுருங்காத கண்கள். தம்பியிடம் விவரம் கேட்டவள் சிரிக்கவில்லை. என் பௌஸான் பையைத் திறந்து ஒரு மணியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"அழகா இருக்கு," என்றாளாம். "பாவம்."

அந்தப் பாவம் அரிசிக்கா எனக்கா என்று சாம்பா சொல்லவில்லை.

அங்கே ஒரு வீட்டில் குழந்தையின் காதில் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இங்கே ஒரு கொட்டகையில் நான் எந்திரத்தின் முன் நின்றேன். அரிசி வெளியேறும் வாயில் ஒரு எடைக்கட்டை தொங்கும். உள்ளே தள்ளினால் அரிசி தடவிக்கொடுத்தது போல இறங்கும். வெளியே தள்ளினால் உள்ளே நெருக்கியடித்து நொறுங்கும். முப்பது வருஷமாக அதை உள்ளே தள்ளியே பழகிய கை. முதல் தடவை பழக்கத்தில் உள்ளேயே தள்ளியது, இரண்டாம் தடவைதான் வெளியே தள்ளினேன். உருளைகளின் இடைவெளியையும் இறுக்கினேன். அந்தக் காய்ந்த காற்றில் நெல்லே பாதி வெடித்துத்தான் இருந்தது. உடையத் தவித்துக்கொண்டிருந்ததை உடையவிடாமல் பிடித்து வைத்தது என் வித்தை மட்டும்தான்.

எந்திரம் ஓடியது. முழு அரிசி தகரத்தில் விழுந்தால் கொட்டும் சத்தம் கேட்கும். நொய்யின் சத்தம் அப்படி இல்லை. உஸ்ஸென்று, இன்சீனில் எங்கள் தகரக் கூரைமேல் வைகாசி முதல் மழை இறங்குவது போல. ஆறு மாதம் மழை பார்க்காத ஊரில், தலையில் உமித்தூள் படிய, கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அந்த மழையில் நின்றேன். பிறகு என்ன வேகமோ, நெல் தீர்ந்ததும் பௌஸான் பையையும் அவிழ்த்து உள்ளே கொட்டித் தனியாகப் பிடித்தேன். செல்வி, மன்னித்துவிடு.

மத்தியானம் பெரிய பெரிய தாம்பாளங்களில் சிவப்பாகச் சோறு வந்தது. நடுவில் மீன், காரட், மரவள்ளி. ஒரு தாம்பாளத்தைச் சுற்றி ஏழு எட்டுப் பேர். அவரவர் முன்னால் இருப்பது அவரவர் பங்கு. கும்பா மீனைப் பிய்த்து எல்லோர் பக்கமும் போட்டுக்கொண்டே இருந்தாள். தான் ஒரு வாய் சாப்பிடவில்லை. எதிரே உட்கார்ந்திருந்தவள் அவா, சங்கத்தில் எந்திரம் வேண்டாம் என்று முதலில் சொன்னவள். அவள் ஒரு உருண்டை பிடித்தாள், வாயில் போட்டாள், மென்றாள். கொட்டகையில் எல்லோரும் அவள் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தோம். இன்னொரு உருண்டை. மூன்றாவது. பிறகு கையை நக்கிவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னாள்.

சாம்பா மொழிபெயர்க்கும் முன்பே கும்பா முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு சிரிக்கத் தொடங்கியிருந்தாள். "ஜோப் செஞ்ச எந்திரம், அதுக்கும் அரிசிப் பசி. திருப்பி அனுப்பினா வழியில படகையே தின்னுடும். இங்கயே கெடக்கட்டும்."

அவாவும் ஒரு இன்ஜாய் என்று அப்போதுதான் புரிந்தது. இப்போது எனக்கு முறை தெரியும்.

"சொல்லுங்க அந்த அம்மாகிட்ட," என்றேன். "திருடிக்கிட்டுப் போக முடியாத கனம்னுதான் வெச்சுக்கறாங்க."

சாம்பா சொல்லி முடித்தார். பிறகு எழுந்த சிரிப்பில் சின்னக் கும்பா விழித்துக்கொண்டு அழுதாள்.

திரும்பும்போது பெரிய கும்பா ஒரு சிறு பை நொய்யை என் கையில் திணித்தாள். என் பௌஸான்தான், பொடிப்பொடியாக. இனி இதுதான் உன் ஊருக்கு எங்கள் பரிசு என்றாள்.

ஷ்வேப்யிதா வந்ததும் அதைப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். ஊ தௌங் பையைத் திறந்தார். மணம் வந்தது. முகம் மலர்ந்தது. உள்ளங்கையில் பரப்பினார். முகம் மாறியது. கண்ணாடி நெற்றிக்கு ஏறியது.

"பௌஸானை... யார் உடைச்சது இதை?"

ஆறு பேர் எந்திரத்துக்குப் பின்னால் குனிந்துவிட்டார்கள்.

"நான்தான் ஸயா," என்றேன்.